லாரி பேக்கர் யார்? அவர் முறையில் கட்டினால் உண்மையிலேயே செலவு குறையுமா?

குறையும். ஆனால் "பேக்கர் வீடு" என்று பெயர் வைத்து, வெளியே பூசாத செங்கல்லும் நாலு ஜாலி (காற்றும் வெளிச்சமும் வரச் செங்கல்லுக்கு இடையே விடும் இடைவெளி) ஓட்டையும் விட்டுவிட்டால் குறையாது. கேள்வியில் அவர் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிக்கனத்துக்கான காரணம் அவர் வேலை செய்த விதத்தில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மருத்துவ உதவிக் குழுவோடு சீனா போனார். ஊர் திரும்பக் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்தைத்தான் பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் கட்ட இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948-ல் மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரின் மலைக்கிராமங்களில் பல ஆண்டுகள் இருந்தார். கல், மண், மரம் கொண்டு ஊர்க்காரர்கள் வீடு கட்டுவதை அங்கே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவருக்கு உண்மையான படிப்பு. 1960-களில் கேரளத்தின் வாகமண் மலைக்கும், பிறகு திருவனந்தபுரத்துக்கும் வந்து சேர்ந்தார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தன் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு, 2007 ஏப்ரல் 1-ல் இறக்கும்வரை அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். 1980-களின் கடைசியில் இந்தியக் குடியுரிமை, 1990-ல் பத்மஸ்ரீ.

பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம்தான் அவரைப் பரவலாகத் தெரியவைத்தது. மேடுபள்ளத்தை வெட்டிச் சமன் செய்யாமல், நிற்கிற மரங்களைச் சுற்றிச் சுவரை வளைத்துக் கட்டியிருப்பார். வளைவு அழகுக்காக மட்டும் அல்ல. நாலரை அங்குலச் சுவரை நேராக நீட்டினால் அங்கங்கே தூண் கொடுக்க வேண்டும்; பாம்பு போல வளைத்தால் அதே நாலரை அங்குலம் தானே நிற்கும்.

ஜாலியைப் புரிந்துகொள்ள திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குள் ஏறிப் பாருங்கள். நடுவே உருண்டையான தூண் போன்ற பகுதி, அதைச் சுற்றி மேலேறும் ஒரே சரிவுத் தளம், வெளிச்சுவரை ஒட்டிக் கட்டுமானமாகவே அமைந்த மேசையும் பெஞ்சும். ஜன்னலே கிடையாது, செங்கல் இடைவெளி வழியாகத்தான் வெளிச்சமும் காற்றும். மரமும் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த ஜன்னலுக்கு ஆகும் காசில் சின்னப் பங்குகூட அந்த ஓட்டைகளுக்கு ஆகாது. ஆனால் கொசுவும் புழுதியும் உள்ள நம் நகரங்களில் படுக்கையறைக்கு ஜாலி வைத்தால் ஆறு மாதத்தில் அட்டை வைத்து அடைத்துவிடுவீர்கள். மாடிப்படி, முற்றம், தாழ்வாரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் இறவாணத்தை இரண்டடியாவது நீட்டுங்கள்.

பணம் உண்மையில் மிச்சமாகும் இடங்கள் இரண்டு. முதலாவது, ரேட் டிராப் பாண்ட் என்ற எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, இரு முகத்திலும் ஒவ்வொன்று, அடுத்து குறுக்கே ஒன்று என வைத்துப் போவது. செங்கல் 230 × 110 × 75 மி.மீ., இணைப்பு 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 9 அங்குலச் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு 98 செங்கல் ஆகும். இதில் 77 போதும். சுவர் கனம் அதே 230 மி.மீ., நடுவில் 80 மி.மீ. வெற்றிடம். 1000 சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 1950 செங்கல் மிச்சம். கலவை அதைவிட அதிக விகிதத்தில் குறையும். வெற்றிடத்துக் காற்று வெயில் சூட்டையும் தடுக்கும்.

இந்தக் கணக்கு முழுதாகக் கைக்கு வராது. அடி வரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டலுக்குக் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) கீழ், கூரைக்குக் கீழ், கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் வெற்றிடம் இல்லாமல் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். இதை விட்டால் கதவு நிலையின் பிடிமானம் ஆடும்.

பெரும்பாலும் கெடுவது கலவை உள்ளே விழுவதால். கொத்தனார் வழக்கம்போல கரணையில் அள்ளிப் பரப்பினால் பாதி வெற்றிடத்தில் கொட்டும். மிச்சம் பிடித்த சிமெண்ட் அங்கேயே போய்விடும். 3 அங்குல அகலப் பலகைத் துண்டால் வெற்றிடத்தை மூடிக்கொண்டு கலவை வைத்து, பிறகு பலகையை நகர்த்த வேண்டும். அடுத்தது செங்கல். குறுக்குக் கல் சுவரின் இரு முகத்தையும் தொடுவதால், நீளம் அரை அங்குலம் கூடிக் குறைந்தால் ஒரு பக்கம் கோணலாகும். சூளையில் கல்லை எடுக்கும்போதே பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். மூன்றாவது மின்சாரக் குழாய். கட்டிய பின் சுவரை வெட்டினால் 75 மி.மீ. கல் உடைந்து உள்ளே போகும். சுவிட்ச் பெட்டி வரும் இடத்தை முதலிலேயே குறித்து, குழாயை வெற்றிடத்துக்குள்ளேயே இறக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, ஃபில்லர் ஸ்லாப். கூரைத் தளத்தின் நடுப்பகுதியில் மேல்பாதி கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழே இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அதை எடுத்துவிட்டுப் பழைய மங்களூர் ஓடுகளை வைக்கிறோம். சென்ட்ரிங் பலகை மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு, கோட்டின்மேல் கம்பி ஓடும்படி கட்டி, கட்டத்துக்குள் இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் காற்று இருக்கும்படி வைக்க வேண்டும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே 4 அங்குலமாவது கான்கிரீட் இறங்க வேண்டும். ஓடுகளை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சுவரை ஒட்டிய பட்டையில் ஓடு வேண்டாம். வெளியே நீட்டும் சன்ஷேடிலும் பால்கனியிலும் அறவே கூடாது: அங்கே இழுவிசை மேல்பக்கம், அழுத்தம் கீழ்ப்பக்கம் என்று தலைகீழாகிவிடும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கேற்ப ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் கணக்கிட வேண்டும், மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

பேக்கர் நாள்தோறும் கட்டுமான இடத்தில் நின்றார். வந்த அழைப்பிதழின் பின்பக்கத்திலும் காகித உறையிலும் படம் வரைந்து, கொத்தனாரிடம் அங்கேயே விளக்கினார். உடைத்த வீட்டின் பழைய கதவு கிடைத்தால் அதற்கேற்ப வாசலை மாற்றினார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் காசு வேலையாள் கூலிக்குப் போகட்டும் என்பதும் அவர் தெரிந்தே எடுத்த முடிவு. கூலி உயர்ந்துவிட்ட இன்று, பழகாத கொத்தனாரை நாள் கணக்கில் வைத்து இதைக் கட்டினால் செங்கல்லில் மிஞ்சியது கூலியில் கரைந்துவிடும். பழகிய ஆள் வேண்டும், அல்லது சதுர அடிக் கணக்கில் பேச வேண்டும். 1985-ல் அவர் துணையோடு தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு கேரளத்தில் இன்றும் இம்முறையில் கட்டுகிறது. நேரில் பார்க்கச் சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் பக்கம்தான். அந்த வளாகத்தின் வடிவமைப்பில் பேக்கரின் பங்கு உண்டு.

கொத்தனாரை முடிவு செய்யும் முன் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் மேல் வரிசையில் இரண்டு கல்லை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு கைப்பிடிக்கு மேல் கலவை கிடந்தால், உங்கள் கண்முன்னே பலகையை வைத்து இன்னொரு முறை கட்டச் சொல்லுங்கள்.