விடுதலையே கேட்காத ரிசாலை ஏன் பிலிப்பைன்ஸ் தேசியத்தின் தந்தை என்கிறார்கள்?

பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த காலத்தில், எழுத்தாளர்களான ஹோசே ரிசாலும் மார்செலோ டெல் பிலாரும் கேட்டது ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் இடம், சட்டத்தின் முன் சமத்துவம், ஸ்பானியத் துறவியரின் பிடி தளர்வது, இவ்வளவுதான். 1889இல் பார்சலோனாவில் தொடங்கிய 'லா சொலிடாரிடாட்' இதழும் இதையேதான் வலியுறுத்தியது.

சரி, தேசியம் எங்கே வந்தது? பெயரில்தான் என்பேன். அதுவரை 'பிலிப்பினோ' என்றால் பெரும்பாலும் அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியர். மண்ணின் மக்களுக்கு 'இந்தியோ' என்று பெயர் (கொலம்பஸின் குழப்பம் அங்கேயும் போயிருக்கிறது!). இந்த எழுத்தாளர்கள் 'பிலிப்பினோ'வை மண்ணின் மக்களுக்கும் உரியதாக்கினார்கள்.

1892 ஜூலையில் ஸ்பானிய ஆட்சியாளர்கள் ரிசாலைப் பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள டபிடான் என்ற ஊருக்கு அப்புறப்படுத்தினார்கள். உடனே போனிஃபாசியோ முதலானோர் 'கத்திபுனான்' என்ற ரகசியப் புரட்சி அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். அந்த அமைப்பின் 1896 எழுச்சியை ரிசால் கண்டித்து எழுதியும், டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானிய ஆட்சியாளர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.