வாசகர் கேள்விகள்: பாசியிலிருந்து எரிவாயுவா?

கேள்வி: எத்தனால் ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து எரிவாயு எடுக்கலாம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். எங்கள் பக்கத்துக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில் பாசி இல்லாமலே எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்களே, பிறகு பாசிக்கு அங்கே என்ன வேலை? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: எரிவாயுவைத் தருவது பாசி அன்று, காற்றுப் புகாத கலனில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளே. கொடுங்கையூரில் கசடு செரிக்கும் கலனில் நடப்பதும், கரும்பாலைகளில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலையில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். கழிவின் வீரியத்தில்தான் வேறுபாடு. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரை வெளியேறும் ‘ஸ்பென்ட் வாஷ்’ என்னும் கழிவுநீர், கடுங்காப்பி நிறத்தில், அமிலத்தன்மையுடன், கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது. வீட்டுக் கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவை (மாசை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் என்றால், இதில் அது ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும்.

செரிமானம் முடிந்ததும் கார்பனின் பெரும்பகுதி மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்துவிடுகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுகின்றன. பாசியின் வேலை தொடங்குவது இங்கேதான். குளோரெல்லா போன்ற இனங்கள் அந்த உரச்சத்தை உறிஞ்சி, ஒரு கிலோ உலர் பாசிக்கு ஏறத்தாழ 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பாசிக் குளத்து நீரைத் தனியே ஒரு கோபுரத்தில் எரிவாயுவோடு கலக்கச் செய்தால், கார்பன் டை ஆக்சைடு கரைந்து, எளிதில் கரையாத மீத்தேனின் விகிதம் உயர்கிறது. கோபுரம் தனியாக இருப்பது முக்கியம். பாசி வெளிவிடும் ஆக்சிஜன் மீத்தேனோடு அளவு மீறிச் சேர்ந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

நடைமுறைச் சிக்கல் நிறத்தில் இருக்கிறது. மெலனாய்டின் என்னும் பழுப்புப் பொருள் செரிமானத்துக்குப் பிறகும் எளிதில் போவதில்லை. ஒளி புகாத நீரில் பாசி வளராது. நீர்க்கச் செய்யவோ நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும். அறுவடையும் சுலபமன்று, திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் அளவில்தான் உலர் பாசி தேறும். அதைக் கலனுக்கே தீனியாகத் திருப்பலாம் என்றாலும், நைட்ரஜன் மிகுந்த பாசியை மட்டும் கொட்டினால் அம்மோனியா பெருகி நுண்ணுயிரிகளை முடக்கும் என்பதால், கார்பன் மிகுந்த ஸ்பென்ட் வாஷோடு கலந்தே இட வேண்டும். குளோரெல்லாவின் கெட்டியான செல்சுவரை முன்கூட்டிச் சூடாக்கித் தளர்த்தவும் வேண்டும். அதற்கு ஆலையின் வீணாகும் வெப்பமே போதும் என்பது என் கருத்து. உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி: பாசி இங்கே எரிவாயுவின் ஊற்றைவிட, நீரையும் வாயுவையும் சுத்தப்படுத்தும் துணையாகவே கூடுதலாகப் பயன்படும்.

கேள்வி: பக்கிங்ஹாம் கால்வாயில் படரும் பச்சையை அள்ளி எரிவாயு எடுத்தால் என்ன? – வாசகர், எண்ணூர்

பதில்: மேலே பாய்போல் படர்வது பெரும்பாலும் ஆகாயத்தாமரை, நுண்பாசி அன்று. அதைச் செரிக்க வைத்து எரிவாயு எடுக்க முடியும். ஆனால் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்த ஆகாயத்தாமரை கன உலோகங்களைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும். பரிசோதிக்காமல் அதன் கசடை வயலுக்கு உரமாக இடக் கூடாது.