தாழப் பறக்கக் கற்றுக்கொடுத்தல்: ஹெலிகாப்டர் பயிற்றுநர்கள் கேட்டவை

கேள்வி: மாணவரை முதல் நாளே 50 அடிக்கு இறக்கலாமா?

வேண்டாம். அனுமதிக்கப்பட்ட பயிற்சிப் பகுதியில் 500 அடியில் ஒரு சுற்று வாருங்கள். காற்றின் திசை, கம்பங்கள், இன்ஜின் நின்றால் இறங்கும் இடம், வெளியேறும் வழி ஆகியவற்றை மாணவரே வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னால் 300, பிறகு 100. 60 நாட் (மணிக்கு 60 கடல்மைல்) வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர் கடக்கிறோம். கீழே போனபின் தேட நேரம் இருக்காது.

கேள்வி: மின்கம்பி கண்ணில் படுவதே இல்லை. எப்படிப் பழக்குவது?

கம்பத்தைத் தேடப் பழக்குங்கள். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குச் செங்குத்தாகத்தான் கம்பி ஓடும். தனித்து நிற்கும் கட்டடத்துக்கும் எங்கிருந்தோ மின்சாரம் வருகிறது. உயரழுத்தக் கோபுரங்களில் தடித்த கம்பிகளுக்கு மேலே மெல்லிய எர்த் கம்பி ஒன்று போகும். தடித்ததைப் பார்த்து மேலே ஏறுபவர் இதில் மாட்டுவார். அதனால் கோபுரத்தின் தலைக்கு மேலாகவே கடக்க வேண்டும். பள்ளத்தாக்கில் கம்பங்கள் மரங்களுக்குள் மறைந்திருக்கும், ஆகவே கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது தெரிந்த கம்பியிலேயே மோதியவர்களும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மாணவர் அதைச் சுட்டிக்காட்டட்டும்.

கேள்வி: பின்காற்றில் திரும்பியதும் மாணவர் வேகத்தை இழக்கிறார். ஏன்?

தாழப் பறப்பதில் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். காற்றுவேகம், அதாவது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து ஹெலிகாப்டரின் வேகம், 60 நாட், வீசும் காற்று 15 நாட் என்று வையுங்கள். எதிர்காற்றில் தரை 45 நாட்டில் நகர்ந்தது; திரும்பியதும் 75-ல் ஓடுகிறது. வேகம் கூடிவிட்டதாக நினைத்து சைக்ளிக்கை (ரோட்டரைச் சாய்த்து வேகத்தையும் திசையையும் மாற்றும் கைப்பிடி) பின்னே இழுக்கிறார். பழைய 45 தெரியும்வரை இழுத்தால் காற்றுவேகம் 30-தான் மிஞ்சும். ஹெலிகாப்டர் அமிழும், அவர் கலெக்டிவை (எல்லா இதழ்களின் கோணத்தையும் ஒருசேர மாற்றி ஏற்றி இறக்கும் நெம்புகோல்) தூக்குவார், உடலை ரோட்டருக்கு எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும் திருப்புவிசை கூடும். 30 நாட்டுக்குக் கீழே, சாதகமற்ற காற்றில், வால் ரோட்டரால் தாக்குப்பிடிக்க முடியாமல் ஹெலிகாப்டர் தானே சுழலத் தொடங்கலாம்.

திரும்புமுன், திரும்பும்போது, திரும்பியபின் என மூன்று முறை வேகமானியைப் படிக்கச் சொல்லுங்கள். மூக்கின் நிலை மாறக்கூடாது. முடிந்தவரை எதிர்காற்றுப் பக்கம் திரும்பட்டும். பக்கக்காற்றில் சறுக்குவதுபோலத் தோன்றும். பெடலை மிதிக்குமுன், உண்மையில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியின் பந்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மேட்டைத் தாண்டியதும் சைக்ளிக்கை முன்னே தள்ளலாமா?

தண்டின் உச்சியில் சீசா பலகைபோல ஊசலாடும் இரண்டு இதழ் ரோட்டரில் கூடவே கூடாது. ரோட்டர் பாரம் இழக்கும், அதாவது ஹெலிகாப்டரின் எடையைச் சுமக்காத நிலைக்குப் போகும். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டராக இருந்தால், வால் ரோட்டரின் தள்ளல் உடலை வலப்பக்கம் உருட்டும். மாணவர் சைக்ளிக்கை இடப்பக்கம் தள்ளினால் ரோட்டர் மையம் தண்டில் மோதித் தண்டே முறியலாம். முதலில் மெல்லப் பின்னே இழுத்துப் பாரம் ஏற்ற வேண்டும், அதன்பின் உருளலைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தரையில் விளக்குங்கள், பறந்து செய்துகாட்டாதீர்கள். மேட்டுக்கு அப்பால் இறங்க கலெக்டிவைக் குறைத்தாலே போதும்.

கேள்வி: எப்போது நான் கட்டுப்பாட்டை வாங்க வேண்டும்?

புறப்படுமுன்பே உயரத்துக்கும் வேகத்துக்கும் கீழ் எல்லை குறித்துவிடுங்கள். அதைத் தொட்டதும் வாங்குங்கள், விளக்கம் மேலே ஏறியபின். 100 அடிக்குக் கீழே உங்கள் கைகள் கட்டுப்பாடுகளை ஒட்டியே இருக்கட்டும்.