ஓடுபாதையில் பழுது தெரிந்தால் விமானி ஏன் சில முறை நிறுத்துகிறார், சில முறை பழுதோடே மேலேறுகிறார்?

நீங்கள் போன விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகு சட்டென்று நின்று, ஒரு மணி நேரத்துக்கும் மேல் உங்களை உள்ளேயே உட்கார வைத்தது. உங்கள் அண்ணன் போன விமானமோ எஞ்சின் கோளாறு தெரிந்தும் மேலேறி, வட்டமடித்துத் திரும்பி வந்தது. எந்த விமானி செய்தது சரி என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் இருவரும் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

நான் மலேசியாவின் பந்திங்கில் இருக்கிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். 1998இல் சிப்பாங்கில், செம்பனை நின்ற நிலத்தில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டபோது, எங்கள் லயத்துப் பையன்கள் சிலர் அங்கே வேலைக்குப் போனோம். விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன், விமானி அல்லன். விமானி அறையைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களோடு பழகித் தெரிந்துகொண்டது.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், ஈரம், காற்று, வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள். அதற்கு 'வீ ஒன்' என்று பெயர். பலர் நினைப்பதுபோல அது யோசிக்கத் தொடங்கும் வேகம் அன்று; நிறுத்துவதென்றால் அதை எட்டுவதற்குள் முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டிவிட்டால் மீதிப் பாதைக்குள் நிற்க முடியும் என்ற உறுதி போய்விடுகிறது. ஆனால் ஓர் எஞ்சின் செத்துப்போனாலும் மற்றதை வைத்து மேலேற முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதனால்தான் எஞ்சின் விசைக் கைப்பிடிமேல் இருக்கும் கையைத் தலைமை விமானி அந்த வேகத்தில் எடுத்துவிடுகிறார். நிறுத்தும் எண்ணமே இனி வரக்கூடாது என்பதற்காக.

அதற்கு முன்பும் எல்லாப் பழுதுக்கும் நிறுத்துவதில்லை. விமான ரகத்தைப் பொறுத்து 80 அல்லது 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகம்வரை சிறு எச்சரிக்கை விளக்குக்கும் நிறுத்தலாம். பிறகு எஞ்சின் செயலிழப்பு, தீ, விமானம் பறக்காது என்ற ஐயம் போன்றவற்றுக்கு மட்டுமே. 80 நாட்டில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப்போல 160 நாட்டில் நான்கு மடங்கு விழுங்க வேண்டும்.

மேலேறிவிட்டாலோ அவசரமே ஆகாது. முதலில் விமானத்தை நேராகப் பிடித்துச் சக்கரத்தை உள்ளிழுத்துக்கொண்டு, குறைந்தது 400 அடி உயரமாவது போன பிறகுதான் எந்த எஞ்சின் என்று இரண்டு விமானிகளும் சேர்ந்து உறுதி செய்வார்கள். 2015 பிப்ரவரியில் தைப்பேயில் ஆற்றில் விழுந்த ஏடிஆர் 72 விமானத்தில், நன்றாக ஓடிய எஞ்சினையே தவறுதலாக அணைத்துவிட்டார்கள். 43 பேர் இறந்தார்கள்.

வீ ஒன் விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. 2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி உட்பட 116 பேரோடு புறப்பட்ட எம்டி-83 விமானத்தின் மூக்கு, விமானி எவ்வளவு இழுத்தும் எழவில்லை. நின்றிருந்த நாள்களில் அடித்த பலத்த காற்றில் மூக்கை மேலே தூக்க உதவும் வால்பக்க ஏற்றத்தட்டு ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அந்த ரகத்தில் விமானியின் கைப்பிடி தட்டின் விளிம்பிலுள்ள சிறு பட்டையைத்தான் அசைக்கும் என்பதால், முன்சோதனையில் அது தெரியவும் வழியில்லை. வீ ஒன் தாண்டியிருந்தும் ஓட்டியவர் நிறுத்தினார். பக்கத்திலிருந்த பயிற்றுநர் குறுக்கிடவில்லை. விமானம் பாதையைத் தாண்டிப் போய் நின்றது. ஒருவருக்குச் சிறு காயம், அவ்வளவுதான். அந்தக் குறுக்கிடாமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி உங்கள் காத்திருப்புக்கு வருகிறேன். ஒரு மழை இரவில், எஞ்சினில் காற்றை வெளியேற்றும் வால்வு ஒன்று சிக்கியதால் 'டொம்' என்ற சத்தத்தோடு விசை குறைந்து, வீ ஒன்னுக்குச் சற்று முன்பாக நிறுத்தப்பட்ட ஒரு விமானத்துக்கு எங்களை அனுப்பினார்கள். கருகிய நெடி தூரத்திலேயே அடித்தது. சக்கரத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது, முன்னாலோ பின்னாலோ இருந்துதான் நெருங்க வேண்டும், ஏனென்றால் வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும். விமானம் நின்ற பிறகும் பிரேக்கின் சூடு சக்கரத்துக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். கால்மணி நேரம் கழித்து, சக்கரத்திலுள்ள உருகு அடைப்பான்கள் இளகி, 'ஸ்ஸ்' என்று காற்று இறங்க, டயர்கள் ஒவ்வொன்றாகச் சப்பையாகி உட்கார்ந்தன. சக்கரம் வெடிக்காமல் இருக்கவே அந்த அடைப்பான்களை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். சன்னல்களில் முகங்கள் ஒட்டியிருந்தன. சூடு தணியும்வரை படிக்கட்டு வண்டியை அருகே விடவில்லை. தீ இல்லாத நிலையில் அவசரச் சறுக்குகளில் இறக்கினால் கால் முறிவோர் அதிகம் என்பதால் தலைமை விமானியும் பயணிகளை உள்ளேயே இருத்தினார். உங்களையும் பெரும்பாலும் அதற்காகத்தான் உட்கார வைத்திருப்பார்கள்.