பழைய எம்ஜிபி காரை வீட்டு கராஜிலேயே புதுப்பிக்க முடியுமா?

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் என்ஜினில் கை வைக்காதீர்கள், முதலில் துருவைப் பாருங்கள்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே எல்லா எடையையும் தாங்குகிறது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' பகுதிதான் அதன் முதுகெலும்பு. மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தகடு அரித்துப்போயிருக்கும். அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள்.

அரித்த சில்லை வெட்டிவிட்டுப் புதிய தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பெட்ரோல் டேங்க்கையும் இருக்கைக்குப் பின்னால் உள்ள பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பாடியை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வரும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சரியாக மூடாது. கதவை மாட்டி இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டிங்.

1798 சிசி என்ஜின் எளிமையானது, பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. விளக்குகள் மங்கினால் வயரிங் முழுவதையும் பிடுங்காமல், முதலில் வயர்கள் பாடியோடு சேரும் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.