கலர் பாம்டாப்பில் காபிப் பறிப்புக் கணக்கு எழுதலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய சித்தப்பா, தன்னிடம் சும்மா கிடந்த இரண்டு கலர் பாம்டாப்களை, அதாவது உள்ளங்கையில் அடங்கும் பழைய கம்ப்யூட்டர்களை, எனக்குக் கொடுத்துவிட்டார். இரண்டும் பாம் (Palm) நிறுவனத்தின் கருவிகள்: ஒன்று எம்505, இன்னொன்று டங்ஸ்டன் இ. பறிப்புக் கணக்கு எழுதப் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்கிறேன். அதனால் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்த ஆசை. இவற்றை வைத்திருந்தவர்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் படித்தேன், குழப்பம்தான் மிச்சம். எம்505-இன் திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார் ஒருவர். அதே திரையை அப்படிப் புகழ்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? ஆட்களின் கூலிக் கணக்கை இதை நம்பி எழுதலாமா?

பதில்: இரண்டு பேருமே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் திரையை வீட்டுக்குள் பார்த்திருப்பார், மற்றவர் வெளியே பார்த்திருப்பார். பழைய கலர் பாம் கருவிகளைப் பற்றிய கருத்துகளில் பாதிச் சண்டை இதனால் வந்ததுதான். எழுதியவர் கருவியை எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் என்பது தெரியாமல் அவர் கருத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாம் நிறுவனத்தின் முதல் கலர் கருவி 2000-இல் வந்த பாம் IIIசி. 160க்கு 160 புள்ளிகள், 256 நிறங்கள். அதன் திரைக்குப் பின்னாலிருந்து விளக்கு எரியும். அறைக்குள் பளிச்சென்று இருக்கும், வெயிலில் எடுத்துப் போனால் கறுத்துவிடும். வாங்கியவர்கள் பெரிதும் குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான். அடுத்த ஆண்டு வந்த எம்505-இல் திரையின் வகையையே மாற்றினார்கள். நிறங்கள் 65,536 ஆயின. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் திரை அது. அச்சடித்த காகிதம் மாதிரி, வெளிச்சம் கூடக்கூடத் தெளிவும் கூடும். ஆனால் சாயங்காலம் அறைக்குள் வந்தால் அதன் சொந்த விளக்கு போதாது, நிறமெல்லாம் மங்கிவிடும். உடனே புகார் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2002-இல் விளக்கைக் கூட்டி, நினைவகத்தை 8 எம்பியிலிருந்து 16 எம்பியாக்கி எம்515 என்று வெளியிட்டார்கள்.

உங்கள் டங்ஸ்டன் இ 2003-ஐச் சேர்ந்தது. 320க்கு 320 புள்ளிகள், 32 எம்பி நினைவகம். எழுத்து எம்505-ஐ விட எவ்வளவோ கூர்மையாக இருக்கும். பின்விளக்கும் நன்றாக எரியும். நேர் வெயிலில் கொஞ்சம் வெளுக்கும்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். பகலில் சில்வர் ஓக் நிழலில் நின்று எழுதுவதானால் எம்505 கைகொடுக்கும். மர நிழல் என்றாலும் அங்கே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் பழம் எடை போடுவது எப்போது? பறிப்பு முடிந்து, மூட்டைகள் வந்து சேர்ந்து, தராசு முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்கும் நேரம் சாயங்காலம் என்றால், மார்கழி மாத ஏற்காட்டில் அது இருட்டும் நேரம். பனியும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எம்505-ஐக் கண்ணருகே கொண்டுபோய்த்தான் படிக்க வேண்டியிருக்கும். பவர் பட்டனைச் சற்று அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும், ஆனாலும் போதாது. எடை போடும் இடத்துக்கு டங்ஸ்டன் இ-தான் சரி. சந்தேகமிருந்தால் இரண்டையும் சார்ஜ் செய்து, நீங்கள் வழக்கமாகக் கணக்கெழுதும் அதே இடத்தில் அதே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு சோதனை போதும்.

கருத்துகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எழுதியவர் அதற்கு முன்னால் எந்தக் கருவி வைத்திருந்தார்? கறுப்பு வெள்ளை பாம் வைத்திருந்தவர் கலருக்கு மாறினால் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றுதான் முதலில் சொல்வார், ஏனென்றால் பழையதை அவர் வாரக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் ஓட்டியவர். IIIசி-யிலிருந்து வந்தவர் எம்505-ஐக் கொண்டாடுவார். இன்றைய போன் திரைக்குப் பழகிய கண்ணால் பார்த்து எழுதுகிறவர், 160 புள்ளித் திரையில் எழுத்து ஓரமெல்லாம் பல்பல்லாக இருக்கிறது என்பார். வாங்கின வாரத்தில் எழுதியதைவிட, இரண்டு வருடம் பையில் போட்டுச் சுற்றிய பிறகு எழுதியதற்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். தேய்ந்த பட்டன், கோணலாகிப்போன தொடுதிரை, காலை வாரிய பேட்டரி எல்லாம் அதில்தான் வரும்.

பயன்படுத்தியவர்களின் கண்ணைக் குறைவாகவும் எடைபோட வேண்டாம். 2002-இல் வந்த பாம் எம்130-க்கு 65,536 நிறங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்கள் கேள்வி கேட்ட பிறகு, அது உண்மையில் காட்டுவது 58,621 நிறக் கலவைகள்தான் என்று அதே ஆண்டில் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

சரி, திரை விஷயம் ஓரளவுக்குச் சொந்த ரசனை. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது கூலிக் கணக்கு. பழைய கருத்துகளில் ஒரே வரியில் வந்து போகும் ஒரு செய்தி உங்களுக்குத்தான் மிக முக்கியம்: இந்த இரண்டு கருவிகளிலும் நீங்கள் எழுதுவதெல்லாம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. பேட்டரியில் உயிர் இருக்கும் வரைதான் அதுவும் இருக்கும். பேட்டரி அடியோடு இறங்கிப்போனால், மறுபடி சார்ஜ் செய்யும்போது கருவி புதிதாக வாங்கிய நாளில் இருந்தது போலக் காலியாக எழுந்து நிற்கும். பாம் கருவிகளில் 2004-இன் டங்ஸ்டன் டி5, 2005-இன் டங்ஸ்டன் இ2, இசட்22, டிஎக்ஸ் போன்ற பிற்காலத்தவைதான் பேட்டரி தீர்ந்தாலும் எழுதியதைக் காப்பாற்றுகிறவை. உங்கள் கையில் இருக்கும் இரண்டும் அதற்கு முந்தியவை.

அன்றைக்கு வைத்திருந்தவர்கள் இதைப் பெரிதாக எழுதாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் கருவியைத் தினமும் கம்ப்யூட்டரோடு இணைத்து ஹாட்சிங்க் செய்தார்கள், அதாவது கருவியில் இருப்பதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்தார்கள். உள்ளே இருந்தது போனாலும் கம்ப்யூட்டரில் நகல் இருந்தது. உங்களுக்கு அந்த வசதி எளிதில் கிடைக்காது. இன்றைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் 64 பிட் விண்டோஸுக்கு யுஎஸ்பி வழியாக ஹாட்சிங்க் செய்யும் டிரைவர் மென்பொருளை பாம் தரவே இல்லை. லினக்ஸ் பழக்கமிருந்தால் ஜே-பைலட் என்ற மென்பொருளில் செய்யலாம். பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி மெமரி கார்டு.

இரண்டு கருவியிலும் எஸ்டி கார்டு போடும் இடம் இருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் 16 ஜிபி, 32 ஜிபி கார்டுகள் எஸ்டிஎச்சி வகை, இவற்றில் வேலை செய்யாது. 1 ஜிபி அல்லது அதற்குக் குறைவான பழைய எஸ்டி கார்டாகத் தேடுங்கள், பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த கார்டு வீட்டில் எங்காவது கிடக்கும். கார்டு ரீடரில் வைத்து ஃபேட் (FAT) முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதில் 'பாம்' (PALM) என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டர், அதற்குள் 'லாஞ்சர்' (Launcher) என்று இன்னொரு ஃபோல்டர். என்விபேக்கப் என்ற இலவச மென்பொருளின் பிஆர்சி கோப்பை (பாம் செயலிகள் வரும் கோப்பு வகை) அதில் போட்டுவிட்டால், ஹாட்சிங்க் இல்லாமலே கார்டிலிருந்து நேராக ஓடும். அதைத் திறந்து பேக்கப் கொடுத்தால் விலாசம், தேதிக் குறிப்பு, மெமோ எல்லாம் கார்டுக்குப் போய்விடும். பேட்டரி செத்தாலும் கார்டில் இருப்பது அழியாது.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கருவி அமெரிக்காவிலிருந்து வந்தது என்கிறீர்கள். சார்ஜரைப் பிளக்கில் சொருகுவதற்கு முன் அதன் முதுகில் பொடியெழுத்தில் 'இன்புட்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிரச்சினை இல்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் மாட்டவே கூடாது, சார்ஜர் போய்விடும், கருவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். எம்505-ஐ அதன் தொட்டிலில் உட்கார வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும். டங்ஸ்டன் இ-யில் மினி யுஎஸ்பி ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டு அதில் போன் சார்ஜரைக் குத்திக் காத்திருக்காதீர்கள். அது ஹாட்சிங்குக்கு, சார்ஜுக்குப் பக்கத்தில் தனி ஓட்டை இருக்கிறது.

முழுதாகச் சார்ஜ் ஆனதும் ஏதாவது நாலு வரி எழுதிவிட்டு, அணைத்து, இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது எழுதியது இருந்து, சார்ஜும் பெரிதாகக் குறையாமல் இருந்தால் அந்தப் பேட்டரியோடு குடித்தனம் செய்யலாம். காலியாக இருந்தால் பேட்டரியை மாற்றாமல் உபயோகிக்காதீர்கள். இரண்டிலும் பேட்டரி உள்ளே மூடி வைக்கப்பட்டது, கழற்றி மாட்ட முடியாது. சேலத்தில் போன் பழுது பார்க்கும் கடைகளில் சால்டரிங் நன்றாகத் தெரிந்தவரிடம் கொடுத்தால் அதே அளவுக்கு ஒற்றை செல் லித்தியம் பேட்டரி பொருத்தித் தருவார். முதுகு உப்பியிருந்தால் சார்ஜே போட வேண்டாம், நேரே அவரிடம் கொண்டுபோங்கள்.

எழுதும் முறைக்கு வருவோம். கருவியோடு வரும் குச்சியால் எழுதுவதை எழுத்தாக மாற்றும் முறைக்கு கிராஃபிட்டி என்று பெயர். எம்505-இல் இருப்பது பழைய கிராஃபிட்டி. ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். 'ஏ' எழுத்துக்கு நடுக்கோடு போடவே கூடாது, கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். டங்ஸ்டன் இ-யில் கிராஃபிட்டி 2. அதில் 'டி' (t), 'ஐ' (i) போன்ற எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு. பழையதில் ஊறியவர்கள் இரண்டாவதைத் திட்டித் தீர்த்தார்கள். புதிதாகக் கற்கும் உங்களுக்கு அந்தத் திட்டு பொருந்தாது, இரண்டாவதுதான் நம் வழக்கமான கையெழுத்துக்கு நெருக்கம்.

தமிழில் தட்டச்சு செய்ய இந்தக் கருவிகளில் வழியில்லை, யூனிகோடு இவற்றுக்குத் தெரியாது. ஆனால் நோட் பேட் என்ற செயலி இரண்டிலும் இருக்கிறது. அதில் குச்சியால் என்ன கிறுக்கினாலும் படமாகச் சேமிக்கும். ஆள் பெயரைத் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் கிலோவைப் போட்டுக்கொள்ளலாம். கூட்டல் மட்டும் அதுவாகப் போடாது. கூட்டிக் காட்ட வேண்டுமென்றால் டங்ஸ்டன் இ-யோடு வந்த டாக்குமென்ட்ஸ் டு கோ-வில் எக்செல் கணக்கு வைத்துக்கொள்ளலாம், சித்தப்பாவிடம் சிடி இருக்கிறதா என்று கேளுங்கள். குச்சி ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் புள்ளி விழுந்தால் பயப்படாதீர்கள். செட்டிங்கில் தொடுதிரையைச் சரிசெய்யும் இடம் இருக்கிறது, அது காட்டும் புள்ளிகளைத் தொட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய கருத்துகளில் நான் அதிகம் பார்க்காத ஒரு நல்ல குணம் உங்களுக்குப் பெரிதும் உதவும். இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்பவை. காபிப் பழத்தின் பிசின் ஒட்டிய கையோடு போனைத் தொட்டால் அது வம்பு செய்யும், இது குச்சிக்கும் நகத்துக்கும் ஒரே மாதிரி கீழ்ப்படியும். மெல்லிய ஜிப் கவருக்குள் போட்டு மூடி, கவரின் மேலேயே எழுதலாம். ஏற்காட்டுப் பனி ஈரத்துக்கு இந்தக் கவர் அவசியம், ஏனென்றால் இவை நனையத் தாங்காது.

இனி என் முடிவைச் சொல்கிறேன். கூலிக் கணக்கின் மூலப் பிரதி நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும். அது அடுத்தவருடைய உழைப்பின் கணக்கு. வயதான ஒரு பேட்டரி அணைந்ததால் ஒருவருடைய ஒரு வாரக் கிலோ காணாமல் போனால், அவரிடம் போய் ராம் பற்றி விளக்க முடியாது, விளக்கவும் கூடாது. தராசடியில் நோட்டில் எழுதுங்கள், ஆட்கள் பார்க்கும்படி எழுதுங்கள். இரவில் டங்ஸ்டன் இ-யில் ஏற்றி, மொத்தம் பார்த்து, அன்றைக்கே கார்டில் பேக்கப் எடுங்கள்.

எம்505-ஐப் பகல் நேரத் துணையாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பகுதியில் கவாத்து பாக்கி, இலைத்துரு எங்கே தெரிகிறது, எந்த மரத்தில் மிளகுக் கொடி காய்கிறது என்று நடந்துகொண்டே குறிக்க அது அருமையான கருவி. போர்டோ கலவை தெளிக்கும் வாரத்தை டேட் புக் என்ற நாட்காட்டிச் செயலியில் வருடா வருடம் வருமாறு போட்டுவிட்டால் அதுவே மணியடித்து ஞாபகப்படுத்தும். 2031 டிசம்பர் வரைதான் அந்த நாட்காட்டி ஓடும், அதற்கு மேல் தேதி போட இடமில்லை.

இவை பிடித்துப்போய் இன்னொன்று வாங்கத் தோன்றினால் டங்ஸ்டன் இ2 அல்லது டிஎக்ஸ் தேடுங்கள். விற்பவரிடம் திரையில் கீறல் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், திரைக்குக் கீழ்ப் பாதியில் எழுதினால் எழுத்து விழுகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் கிராஃபிட்டி எழுதிய கருவிகளில் முதலில் தேய்வது அந்த இடம்தான்.