அனீலிங்குக்குத் தனிக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: 8 அங்குலத் தொலைநோக்கிக்குக் குழியாடி தேய்க்கப்போகிறேன். 12 மி.மீ. கண்ணாடி இரண்டைச் சூளையில் உருக்கி ஒட்டி, 24 மி.மீ. வட்டமாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அனீலிங்குக்கு, அதாவது உள்ளே இழுவிசை தங்காதபடி கண்ணாடியை மெதுவாக ஆறவிடுவதற்கு, தனிக் கட்டணமாம். சாயங்காலம் சூளையில் வைத்தால் மறுநாள் காலை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். 24 மி.மீ. கண்ணாடி ஒரே இரவில் ஆறாது. 800 டிகிரிக்கு மேல் ஒட்டிய கண்ணாடியை 550 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வர நான்கைந்து மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். அங்கிருந்து 490 வரைதான் கண்டம். மணிக்கு 15 டிகிரிக்கு மேல் இறக்கவே கூடாது. தொலைநோக்கிக்கு 5 டிகிரி நல்லது. அந்தக் கணக்கில் இந்த 60 டிகிரிக்கு மட்டும் 12 மணி நேரம். பிறகு 430 வரை மணிக்கு 25 போதும். அதற்குக் கீழே சூளை மூடியபடியே தானாக ஆறட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்முன் மூடியைத் திறக்கக் கூடாது.

தடிமன் இரட்டித்தால் ஆறவிடும் நேரம் நான்கு மடங்காகும். 12 மி.மீ.க்கு வைத்திருக்கும் அட்டவணையையே பலர் இதற்கும் ஓட்டிவிடுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகி, உள்பகுதி பின்னால் சுருங்கி இழுக்கும். கண்ணாடி உடையாமலே இருக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்க இழுவிசை விடுபட்டு வடிவம் நகரும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே படம் கெடும் வேலை இது.

இரண்டு துண்டுகளும் ஒரே தகட்டில் வெட்டியவையா என்றும் கேளுங்கள். சூட்டில் விரியும் அளவு வேறுபட்டால் எத்தனை முறை அனீல் செய்தாலும் இழுவிசை போகாது. நடுவில் கரண்ட் போயிருந்தால் கவலையில்லை. மெதுவாகச் சூடேற்றி முதலிலிருந்து செய்தால் சரியாகிவிடும். அதை மறைத்து விற்பதுதான் தவறு.

கேள்வி: வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

பதில்: மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, அதன்முன் கண்ணாடியைப் பிடியுங்கள். போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தபடி, திரை இருளும்வரை அதைத் திருப்புங்கள். கண்ணாடியும் இருண்டே தெரிந்தால் நல்லது. விளிம்பில் சீரான மங்கல் வெளிச்சம் பரவாயில்லை. ஒரு பக்கமாகத் திட்டோ நிறமோ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் தடவிப் பாருங்கள். "இந்தச் சோதனையில் தேறாவிட்டால் பணம் வாபஸ்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒட்டுவேலையே வேண்டாமென்றால், பாரிமுனைப் பக்கத்துக் கண்ணாடிக் கடைகளில் 19 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி (சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை) கேட்டுப் பாருங்கள். அது ஆலையிலேயே அனீல் ஆகி வருவது, தனிக் கட்டணம் தேவையில்லை. 8 அங்குலத்துக்கு பின்புறம் ஒன்பது இடங்களில் தாங்கிப் பிடிக்கும் தாங்கியோடு நன்றாக நிற்கும். டஃபன்டு (கடினப்படுத்திய) கண்ணாடி மட்டும் வேண்டாம்; அதில் வேண்டுமென்றே இழுவிசை ஏற்றியிருக்கிறார்கள், தேய்க்கும்போது தூளாகிவிடும்.